அம்புலன்ஸில் வருபவர் சொல்வதை ஆஸ்பத்திரியில் யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?

உப்புவெளியான் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் அம்புலன்ஸில் ஈ.எம்.டி.யாக (அவசர மருத்துவ உதவியாளராக) வேலை செய்கிறேன், நான்கு வருடம் முடியப் போகிறது. ஏ.எல். பயோ படித்தேன், கெம்பஸ் கிடைக்கவில்லை, அப்புறம் இந்த வேலைக்கு எடுத்துப் பயிற்சி தந்தார்கள். வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் போன மாதம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

நிலாவெளி வீதியில் இரவு எட்டரைக்கு ஒரு விபத்து. மாடு குறுக்கே வந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர் தூக்கி எறியப்பட்டிருக்கிறார், ஹெல்மெட் பட்டி பூட்டாததால் அது தனியாக வாய்க்காலில் கிடந்தது. நாங்கள் போனபோது அவர் எழும்பி உட்கார்ந்து "எனக்கு ஒண்டுமில்லை, வீட்டுக்குப் போகப் போறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நினைவை அளக்கும் ஜீ.சீ.எஸ். புள்ளி 15, அதாவது முழு நினைவு. கழுத்துக்குக் கொலர் போட்டு, பலகையில் படுக்க வைத்து ஏற்றினோம். வரும் வழியில் "நான் எங்க போறன்?" என்று கேட்டார், பதில் சொன்னேன், ஒரு நிமிடத்தில் அதையே திரும்பக் கேட்டார். பிறகு கூப்பிட்டால்தான் கண் திறந்தார். 13 என்று எழுதி நேரத்தையும் குறித்தேன். மண்டைக்குள் இரத்தம் கசியும்போது சிலருக்கு இப்படித்தான் நடக்கும், முதலில் நன்றாகப் பேசுவார்கள், பிறகு மெல்ல மெல்ல மங்கிப்போவார்கள், அந்த இடைவெளியை நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

ஒரு ஆஸ்பத்திரியில் அவரை ஒப்படைக்கும்போது இதைச் சொல்லத் தொடங்கினேன். "சரி சரி, அந்தக் கட்டிலில போடுங்கோ" என்றார்கள், தலையை நிமிர்த்திப் பார்க்கவுமில்லை. நான் எழுதிய தாளை மெத்தைக்குக் கீழே செருகினார்கள். எங்கள் பலகையைத் திருப்பித் தரும்வரை நான் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. அரை மணித்தியாலம் கழித்து டொக்டர் அவருடைய மனைவியிடம் கேட்கிறார்: "விழுந்த உடனே நினைவு இருந்ததா?" அந்த அக்கா விபத்து நடந்த இடத்திலேயே இருக்கவில்லை, அழுதுகொண்டு நிற்கிறார். நான் உள்ளே போய் மெத்தைக்குக் கீழிருந்து தாளை எடுத்து நீட்டினேன். அவர் வாசித்தவுடனே வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றி அனுப்பும் ஏற்பாடு தொடங்கியது. அந்த மனிதர் பிழைத்துவிட்டார், இப்போது வீட்டில் இருக்கிறார். ஆனால் அந்த அரை மணித்தியாலம்?

வயதெல்லை தாண்டுவதற்குள் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிப்பதா, அல்லது இந்த வேலையிலேயே மேலே படித்து ஆளாக வழி இருக்கிறதா? அம்மா கல்யாணம் பேசப் போன இடத்தில் "டிரைவருக்குப் பக்கத்தில இருக்கிற வேலைதானே" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா அதை எனக்குச் சொல்லவில்லை, தங்கச்சி சொல்லித்தான் தெரியும்.

இரவு டியூட்டி அக்கா:

தம்பி, நான் பதினொரு வருடமாக அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி. முதலில் ஒன்று சொல்கிறேன், நீங்கள் சொல்லியும் கேட்காதது எங்கள் பக்கத்துப் பிழை. இரவில் இரண்டு பேர் நிற்போம், ஒரு பக்கம் பாம்புக்கடி, ஒரு பக்கம் மூச்சு வாங்கும் குழந்தை, வெளியில் சண்டை பிடித்துவிட்டு வந்தவர்கள். அதெல்லாம் உண்மைதான், ஆனாலும் அது சாட்டாகாது.

எங்கள் பிரிவில் பின்னர் ஒரு பழக்கம் கொண்டுவந்தோம். அம்புலன்ஸ் ஆள் பேசும் அரை நிமிடமும் நோயாளியை யாரும் தொடுவதில்லை (மூச்சோ நாடித்துடிப்போ இல்லாவிட்டால் வேறு கதை). என்ன நடந்தது, எங்கே காயம், அளவுகள் என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், இந்த ஒழுங்கில்தான் கேட்போம். தாளில் நேரம் போட்டு வாங்குபவர் கையெழுத்து வைக்க வேணும். கையெழுத்து வைக்க வேண்டுமென்றால் யாரும் வாசிக்காமல் வைக்க மாட்டார்கள், பாருங்கோ.

இனிமேல் நீங்கள் வாயைத் திறந்ததும் மாற்றத்தை முதலில் சொல்லுங்கோ. "15 இருந்தது, இருபது நிமிடத்தில் 13." அதற்குப் பிறகுதான் மாடு, மோட்டார் சைக்கிள் எல்லாம். நம்முடைய ஊரில் ஒப்படைப்பவர் தமிழ், வாங்குபவர் சிங்களம், எழுதுவது ஆங்கிலம் என்று மூன்றும் கலந்து ஓடும், அதற்குள் வசனங்கள் தொலைந்துபோகும், இலக்கம் தொலையாது.

தாதியாக வர விருப்பம் இருந்தால் வாருங்கோ, நல்ல வேலை. மனம் நொந்ததால் மட்டும் வர வேண்டாம். எங்கள் வேலை வார்டில், உங்கள் வேலை வீதியோரத்தில் டோர்ச் வெளிச்சத்தில். இரண்டும் ஒன்றில்லை.

கிண்ணியா மகள்:

நான் மருத்துவத் துறை இல்லை. ஆனால் இதை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன நோன்பில் அஸர் நேரம் எங்கள் வாப்பாவுக்கு வாய் குழறியது, வியர்த்து ஊற்றியது, ஒரு கை தளர்ந்துபோனது. பாரிசவாதம் என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார், நானா வேன் பிடிக்க ஓடுகிறார். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம். வந்தது ஒரு பிள்ளை, என்னைவிட இளையவள். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சீனி வருத்தம் இருக்கா? ஸஹருக்குக் குளிசை போட்டவரா?" விரலில் குத்திப் பார்த்தாள், சீனி 38. எழுபதுக்குக் கீழே வந்தாலே குறைவாம். வாப்பாவால் விழுங்க முடியுமா என்று முதலில் பார்த்துவிட்டு, நிமிர்த்தி உட்கார வைத்து, குளுக்கோஸ் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வாப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்படியும் விடவில்லை, அந்தக் குளிசையின் வேகம் மணிக்கணக்காக நிற்கும், திரும்பவும் இறங்கலாம் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

நாங்கள் எல்லாரும் டிரைவருக்குத்தான் கைகொடுத்து நன்றி சொன்னோம். அந்தப் பிள்ளை பின்னால் நின்று ஒட்சிசன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தவளாக இருந்தால் வாப்பா நல்லா இருக்கிறார் என்று சொல்லுங்கோ.

கோணமலை–லண்டன்:

நான் மட்டிக்களியில் பிறந்தவன், இங்கே லண்டனில் பரமெடிக், அதாவது அம்புலன்ஸில் போய்ச் சிகிச்சை கொடுப்பவன். தம்பியின் கேள்வியில் படிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிரித்தானியாவில் 'பரமெடிக்' என்ற பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது. பதிவு இல்லாமல் யாரும் தன்னை அப்படி அழைத்துக்கொள்ள முடியாது. முன்பு வேலையோடு வேலையாகப் பயிற்சி எடுத்து வந்தவர்கள்தான் அதிகம், 2021 செப்டெம்பரிலிருந்து புதிதாகப் பதிவதற்குப் பட்டப்படிப்புத்தான் அளவு. அவுஸ்திரேலியாவில் 2018 டிசம்பரிலிருந்து நாடு முழுக்க ஒரே பதிவு. நம் நாட்டில் பத்திரிகையில் 'துணை மருத்துவ சேவை' என்று வந்தால் ஆய்வுகூடம், எக்ஸ்ரே, மருந்தாளர் என்றுதான் அர்த்தம். வீதிக்குப் போகிற ஆளுக்கு மக்கள் வாயில் ஒரு பெயரே இல்லை, பெயர் இல்லாத வேலையை என்னவென்று மதிப்பார்கள்?

இங்கே படிக்கும்போது ஒரு வரலாறு சொல்லித் தந்தார்கள். 1967ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வேலையில்லாத கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து, பீட்டர் சாஃபர் என்ற மயக்கமருந்து வைத்தியர் 300 மணித்தியாலத்துக்கு மேல் பயிற்சி கொடுத்து அம்புலன்ஸில் ஏற்றினார். ஃப்ரீடம் ஹவுஸ் என்று பெயர். அதற்கு முன்பு அந்த நகரத்தில் நோயாளியை ஏற்றியது பொலிஸ் வேன், வேறு பல ஊர்களில் பிரேதம் ஏற்றும் கார். பிறகு நான்சி கரோலின் என்ற வைத்தியர் வந்து அவர்களோடு வண்டியிலேயே போய்ச் சொல்லிக் கொடுத்தார், அந்த அனுபவத்தில்தான் அமெரிக்கா முழுவதற்குமான பாடத்திட்டம் உருவானது. ஆனால் 1975ல் நகரசபை சேவையைத் தன் கையில் எடுத்தபோது அவர்களில் பலர் வெளியே தள்ளப்பட்டார்கள். எவ்வளவு திறமை இருந்தும், கையில் அதற்கான அங்கீகாரம் இல்லையென்றால் இப்படித்தான் தூக்கிப் போடுவார்கள் என்பதை நான் அதில் கற்றேன்.

1990 சேவை 2016ல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு 88 வண்டிகளில் தொடங்கியது, 2018ல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. வண்டிக்கு வந்தது ஆளுக்கும் வர வேணும். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்பில் தாதியியல் பட்டம் இருக்கிறது, கோணேசபுரியில் சித்த மருத்துவம் இருக்கிறது, பக்கத்தில் பரமெடிக் பட்டத்தையும் வைத்தால் என்ன?

துறையடி ஐயா:

லண்டன் தம்பியோடு எனக்கு முழுக்க உடன்பாடு இல்லை. நான் இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரி நோயாளர் காவு வண்டி ஓட்டினவன். கிண்ணியாப் பாலம் 2009ல் திறப்பதற்கு முதல், வண்டியில் பிள்ளைப்பேற்று வலியோடு ஒரு தாயை வைத்துக்கொண்டு அக்கரையில் நிற்கும் பாதை (வண்டி ஏற்றும் படகு) திரும்பி வரட்டும் என்று துறையில் நின்றிருக்கிறேன். என்னோடு வந்தவர்களிடம் பட்டம் இல்லை. கை நிறைய வேலை தெரியும், அவ்வளவுதான்.

பட்டம் என்றால் நான்கு வருடம், கெம்பஸ் அனுமதி, இஸட் புள்ளி. ஈச்சிலம்பற்றிலிருந்தும் வெருகலிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கதவையும் சாத்திவிடாதீர்கள். வேலையில் இருக்கிறவர்களுக்குச் சம்பளத்தோடு கட்டம் கட்டமாகப் படிக்க விடுங்கோ, ஒவ்வொரு கட்டத்துக்கும் பதவி உயர்வு கொடுங்கோ. நாற்பத்தைந்து வயதில் முதுகு போன பிறகு இவர்கள் எங்கே போவது, அதையும் இப்போதே யோசிக்க வேணும்.

அப்புறம் மகன், பெண் கேட்டுப் போன இடத்துக் கதையை விடுங்கோ. அந்த வீட்டில் ஒரு ஆளுக்கும் இதுவரை நடுச்சாமத்தில் நெஞ்சு வலி வரவில்லை போல.

உப்புவெளியான்:

அக்கா, நேரம் போட்டுக் கையெழுத்து வாங்கும் முறையை எங்கள் மேலாளரிடம் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் வைத்திருக்கும் தாளின் மாதிரி ஒன்று, நோயாளி விபரம் எதுவும் இல்லாமல், அனுப்ப முடியுமா? கிண்ணியா அக்கா, அது யார் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், இன்று காணும்போது கட்டாயம் சொல்கிறேன். லண்டன் அண்ணா, முதல் வருடப் பாடங்கள் என்னென்ன என்று எழுதினால் நானும் என்னோடு இருக்கும் இரண்டு பேரும் இப்போதே வாசிக்கத் தொடங்கலாம். ஐயா சொன்ன கட்டம் கட்டமான படிப்பு வந்தால் நான்தான் முதல் ஆளாக நிற்பேன். தாதியர் விண்ணப்பம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது, கிழிக்கவும் இல்லை, நிரப்பவும் இல்லை. ஏழு மணிக்கு டியூட்டி, மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.