சத்தமே வராத போனை ஏன் எடுக்கிறேன்?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். அவர் பேசப் பேச நான் "ம்" கொட்டிக்கொண்டே வாட்ஸ்அப்பில் பதில் தட்டுகிறேன். நேற்று பாதிப் பேச்சில், "நீ முடிச்சுட்டு வா" என்று எழுந்து போய்விட்டார்.

குழுக்களையெல்லாம் 'எப்போதும்' என்று மியூட் செய்து, ஆர்க்கைவிலும் போட்டாயிற்று. டூ நாட் டிஸ்டர்ப் போட்டாலும் ஸ்டார் செய்த எண்களிலிருந்து அழைப்பு வரும்படி வைத்துக்கொள்ளலாம்; அதனால் பிள்ளையின் பள்ளி அழைத்தால் தெரிந்துவிடும். அதெல்லாம் சரி, கை தானாகப் போனுக்குப் போகிறதே, அதற்கு என்ன செய்வது? "மனக்கட்டுப்பாடு வேண்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது இருந்தால் இங்கே ஏன் கேட்கப் போகிறேன்!

இரவில் பதில் வராது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தவர்கள் உண்டா? யாராவது கோபித்துக்கொண்டார்களா? அப்புறம், பட்டன் போனுக்கு மாறியவர்கள் ஜிபேக்கு என்ன செய்கிறீர்கள்?