எம் பிளஸ் பொத்தானுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

கால்குலேட்டரின் எம் பிளஸ் (M+), எம் மைனஸ் (M−), எம்ஆர்சி (MRC) பொத்தான்களுக்கு ‘நினைவகக் கூட்டல்’, ‘நினைவகக் கழித்தல்’, ‘நினைவக மீட்பு’ என்று ஓசூர் நண்பர் இங்கே எழுதியிருந்தார். உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. கணினியின் நினைவகம் ஒரு பெரிய கிடங்கு. கால்குலேட்டரின் எம் என்பதில் நிற்பதோ ஒரே ஓர் எண். அதற்கு ‘அகம்’ எதற்கு? தவிர, எங்கள் பக்கத்து ஆட்களிடம் நினைவகம் என்றால் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவுக்கு இருக்கிறதே, அதுதான் கண்முன் வரும்.

நான் கிருஷ்ணகிரியில் வாட்ச், கால்குலேட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மாங்காய் சீசனில் மண்டிக்காரர்களின் கால்குலேட்டர்கள் மேசை நிறையக் கிடக்கும். அவர்களிடம் எம் பிளஸ் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க நான் பிடித்துக்கொண்டது ஒன்றாம் வகுப்புக் கூட்டலை. ஏழும் ஐந்தும் கூட்ட டீச்சர் என்ன சொல்லிக்கொடுத்தார்? ‘ஏழு மனசுல, அஞ்சு கையில.’ மனசில் உள்ளதை விடாமல் பிடித்துக்கொண்டு, கையில் உள்ளதை எட்டு, ஒன்பது என்று அதன்மேல் ஏற்றுவோம். எம் செய்வதும் இதுதான். திரையில் தெரிவது கை, எம்மில் இருப்பது மனசு. 420 கிலோ பெங்களூரா மாங்காயை 22 ரூபாயால் பெருக்கி, சமம் போடாமல் எம் பிளஸ் அழுத்தினால் 9,240 மனசுக்குப் போய்விடும். அடுத்து 185 கிலோ செந்தூரா, கிலோ 30 ரூபாய். அதையும் எம் பிளஸ் அழுத்தினால் மனசில் 14,790. மொத்தம் காட்டும் ஜிடி (GT) பொத்தான் இதிலிருந்து வேறு. அது சமம் போட்ட விடைகளையெல்லாம் தானாகச் சேர்த்துக்கொண்டே போகும். மனசுக்கு நாம் கொடுத்தது மட்டும்தான் போகும்.

ஆகவே என் சொற்கள்: மனக்கூட்டல், மனக்கழித்தல்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. மேலே சொன்ன எடை என் அப்பாவின் தோட்டத்து மாங்காய். கமிஷன், இறக்குக்கூலி 1,640 போக அவருக்கு வரவேண்டியது 13,150. மண்டியில் எழுதித் தந்த சீட்டில் 17,330. விலை ஏறியிருக்கிறது போல என்று அப்பா வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் காலையில் நாலு பேர் நிற்கும் இடத்தில், ‘பெரியவரே, 4,180 ரூபாய் அதிகமாப் போயிடுச்சு, தெரிஞ்சும் சொல்லாம போயிட்டீங்களே’ என்று கேட்டார்கள். பறிப்பாட்களுக்குக் கூலி கொடுத்தது போகக் கையில் இருந்ததை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை.

அந்த மண்டிக் கால்குலேட்டர் பிறகு என் மேசைக்கே வந்தது. முந்தைய ஆளின் மீதி 4,180 எம்மில் அழியாமல் நின்றிருக்கிறது. எம்ஆர்சியை ஒரு தடவை அழுத்தினால் காட்டும், தொடர்ந்து மறுபடி அழுத்தினால்தான் அழிக்கும். ஏசி (AC) பொத்தானை அழுத்தினால் எல்லாம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பல மாடல்களில் எம் மட்டும் அப்படியே இருக்கும். அப்படி இருப்பதைக் காட்டத்தான் திரையின் ஓரத்தில் சின்னதாக ஓர் எம் எழுத்து தெரியும். இந்தக் கருவியில் அந்த எழுத்தே செத்துப்போயிருந்தது. கூடவே இடது ஓரத்து இலக்கத்திலும் ஒரு கோடு இல்லை. மண்டிக் கணக்கு அத்தனை இலக்கம் போகாது, அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

பின்மூடியைக் கழற்றினேன். திரைக்கும் சர்க்யூட் பலகைக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை இருக்கும். மின்சாரம் கடத்தும் கறுப்பு வரியும் கடத்தாத வரியும் மாறிமாறி, மயிரிழை அகலத்தில். அதன் ஒரு முனையில் தூசி அடைந்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்து, பட்டையை நேராக வைத்துத் திருகுகளை முறுக்கினேன், எம் வந்துவிட்டது. தின்னர் மட்டும் வேண்டாம், ரப்பரும் பிளாஸ்டிக்கும் கெட்டுவிடும். கடையில் இதை ஜீப்ரா ரப்பர் என்போம். தமிழில் ‘வரிக்கடத்தி’ போதும். இங்கே ஒருவர் சொன்ன ‘வரிக்குதிரைக் கீற்று’ அது என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லவில்லை.

கால்குலேட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். வாரம் ஒருமுறை திரை நிறைய எட்டு அடித்துப் பாருங்கள், எந்தக் கோடு போனாலும் தெரிந்துவிடும். பிறகு எம் பிளஸ் அழுத்தி அந்த எழுத்து வருகிறதா பாருங்கள். பார்த்து முடித்ததும் அழித்துவிடுங்கள். சோலார் பட்டையை விரலால் மூடும்போது எண் மங்கினால் உள்ளே பட்டன் செல் தீர்ந்துவிட்டது. அப்படியே விட்டால் வெளிச்சம் போனதும் மனசில் வைத்ததும் போய்விடும்.

---

தருமபுரியிலிருந்து பதில்:

தம்பி, அப்பாவுக்கு நேர்ந்ததைப் படித்து மனசு கனத்துவிட்டது. வரிக்கடத்திக்கு என் முழுச் சம்மதம். ‘மனசுல, கையில’ என்பதை இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அதை இங்கே பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மனக்கூட்டல் ஆகாது தம்பி. வகுப்பில் மனக்கணக்கு என்றால் கருவி இல்லாமல் போடுவது. மனக்கூட்டல் என்று சொன்னதும் பிள்ளை கால்குலேட்டரைக் கீழே வைத்துவிடும்.

---

அக்கா, நீங்கள் சொல்வது சரி. அந்தக் குழப்பம் எனக்குத் தட்டுப்படவே இல்லை. மனசில் வைப்பதால் ‘மனவைப்பு’ என்று வைத்துக்கொள்வோமா? வைப்பு என்று மட்டும் சொன்னால் வங்கி வைப்புத்தொகை ஆகிவிடும், அதனால் பெயர்ச்சொல்லில் ‘மன’ இருக்கட்டும். பொத்தான்களுக்கு வினையாகவே வைக்கலாம்: வைப்பில் கூட்டு, வைப்பில் கழி, வைப்பைக் காட்டு, வைப்பை அழி. திரையில் எம் தெரிந்தால் ‘மனவைப்பு இருக்கிறது’ என்று சொல்லலாம்.

நேற்றுக் கடைக்கு வந்த ஒரு மண்டிக் கணக்குப்பிள்ளையிடம் சொல்லிப் பார்த்தேன். எம்ஆர்சியை இரண்டு தடவை அழுத்திவிட்டு, ‘வைப்ப அழிச்சாச்சு, அடுத்த லோடு சொல்லுங்க’ என்றார்.