புதுப்பிப்பு: லைக்கா எம்9-ல் ஊதா ஓரம், முக்கால்வாசி தீர்ந்தது

லைக்கா எம்9 டிஜிட்டல் கேமராவில் வேறு கம்பெனி 15 மிமீ அகலக்கோண லென்ஸ் போட்டால் படத்தின் ஓரமெல்லாம் ஊதாவாகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி. லென்ஸ் பழுதில்லை. அதன் பின்கண்ணாடி சென்சாரை (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) ஒட்டி நிற்பதால் ஓரங்களில் ஒளி ரொம்பச் சாய்வாக விழுகிறது. ஃபிலிம் அதைப் பொறுத்துக்கொள்ளும், சென்சார் பொறுக்காது.

எந்த லென்ஸ் என்று கேமராவுக்குச் சொல்லும் 6-பிட் குறியீடு இந்த லென்ஸில் கிடையாது. அதனால் மெனுவில் கையாலேயே லைக்காவின் சொந்த லென்ஸான 21 மிமீ எல்மாரிட் என்று தேர்ந்தெடுத்தேன். கேமரா அந்த லென்ஸுக்கான திருத்தத்தைப் போட, ஊதா வெகுவாகக் குறைந்தது. (படத் தகவலில் இனி 21 என்றுதான் பொய் பதியும், போகட்டும்!) மிச்சத்துக்கு, லென்ஸ் முன்னால் வெள்ளை அக்ரிலிக் துண்டை வைத்து ஒரு படம் எடுத்து, லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் அதைக் கொண்டு சமன்செய்கிறேன். அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) மாற்றினால் மறுபடி எடுக்கணும், அதுதான் சலிப்பு.

கருப்பு வெள்ளைக்கு இந்த வம்பே வேண்டாம். 50 மிமீ லென்ஸில் பிரச்சினையே இல்லை.