ஃபோ சூப் தெளிவாக வர வழி சொல்லுங்கள்

வியட்நாமின் ஹனோயில் காலை 6 மணிக்குத் தெருவோரக் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து குடித்த மாட்டிறைச்சி ஃபோ (அரிசி நூடுல்ஸ் போட்ட எலும்பு சூப்) இன்னும் நாக்கிலேயே நிற்கிறது. அதை வீட்டில் செய்ய மூன்று ஞாயிறுகளாகப் பாடுபடுகிறேன். எலும்பை 10 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிக் கழுவி, இஞ்சியையும் வெங்காயத்தையும் நேரடித் தீயில் தோல் கருகச் சுட்டு, பட்டை, அன்னாசிப்பூ, கிராம்பை லேசாக வறுத்துப் போட்டு, 6 மணி நேரம் அடுப்பில் வைத்தேன். வாசனை அருமை, ஆனால் சூப் மட்டும் ஒவ்வொரு முறையும் கலங்கலாகத்தான் வருகிறது. அங்கே கிண்ணத்தின் அடியில் கிடந்த அரிசி நூடுல்ஸ் வரை பளிச்சென்று தெரிந்தது!

தீ எவ்வளவு இருக்க வேண்டும், நுரையை எதுவரை எடுப்பது? மூடி போடலாமா? அப்புறம், மீன் சாஸை எப்போது ஊற்றுகிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், இந்த ஞாயிறுக்கும் எலும்பு வாங்கி வைத்துவிட்டேன்.