கலைச்சொல் தேவை: ஒரு ‘பரவல்’ போதவில்லை, இரண்டு வேண்டும் (வியாழனுக்குள்)

பாளையங்கோட்டையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய கையேடு ஒன்று மேசையில் கிடக்கிறது. அகத்தியமலைப் பக்கம் வேலை பார்க்கும் வனக்காவலர்களும் காணிப் பழங்குடி இளைஞர்களும் படிப்பதற்கானது. பாபியோபெடிலம் ட்ரூரி என்ற ஆர்க்கிட்டைக் கண்டால் என்ன குறிப்பது, எப்படிக் குறிப்பது என்பதுதான் பொருள். தாவரவியலாளர் பெடோம் 1874இல் விவரித்த இனம் இது. அந்த மலைத்தொடரை விட்டால் உலகில் வேறெங்கும் தானாக முளைப்பதில்லை. மஞ்சள் பூ, இதழ் நடுவே அரக்கு நிறக் கோடு, கீழே பை மாதிரி ஓர் உதடு. அந்தப் பூவின் அழகே அதற்கு எமன். வியாபாரிகள் வேரோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சிக்கல் இதுதான். அழியும் நிலையில் உள்ள இனங்களை வகைப்படுத்தும் பன்னாட்டுச் செம்பட்டியல் முறையில் பரவலை இரண்டு விதமாக அளக்கிறார்கள். செடி இன்று இருக்கும் இடங்களையெல்லாம் வரைபடத்தில் புள்ளி வைத்து, வெளிப்புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டால் உள்ளே அடங்குவது ‘எக்ஸ்டென்ட் ஆஃப் அக்கரன்ஸ்’. இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டம் போட்டு, செடி உள்ள கட்டங்களை மட்டும் கூட்டினால் ‘ஏரியா ஆஃப் ஆக்குபன்சி’. முதலாவது 100 சதுர கி.மீ.க்குக் கீழ், அல்லது இரண்டாவது 10க்குக் கீழ் இருந்து, கூடவே சரிவு, சிதறல் போன்ற நிபந்தனைகளும் பொருந்தினால் ‘மிக அருகிய’ நிலை. பழைய மொழிபெயர்ப்பில் இரண்டுக்குமே ‘பரவல் பரப்பு’ என்று போட்டுவைத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு வகுப்பெடுக்க முடியவில்லை. சொல் தாருங்கள்.

சிதம்பரத்திலிருந்து

அன்புடையீர், கவலை எதற்கு? தமிழில் ‘உறை’ இருக்கிறது. ‘வானுறையும் தெய்வத்துள்’ என்றார் வள்ளுவர். ‘செய்யாள் உறையும்’ என்றும் அவரே. உறைதல் வெறும் இருத்தல் அன்று, நிலைபெற்று இருத்தல். ஆகவே இரண்டாவதற்கு ‘உறைபரப்பு’, முதலாவதற்குப் ‘படர்பரப்பு’. ‘பரவு’, ‘பரப்பு’, ‘பார்’, ‘பரவை’ எல்லாம் விரிதற்பொருள் வேரிலிருந்து கிளைத்தவை. பரவை கடலைக் குறித்ததும் அதனால்தான். இதுபற்றி விரிவாகத் தனி மடல் எழுதுகிறேன்.

ஆர்க்கிட் என்று ஏன் எழுத வேண்டும் என்பது என் அடுத்த கேள்வி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களுக்குள் இது ஒளிந்திருக்கக் கூடும். பொதியிலில் பூத்த பூ சங்கப்புலவர் கண்ணுக்குத் தப்பியிருக்குமா?

நாகர்கோவிலிலிருந்து

புலவர் ஐயாவுக்கு வணக்கம். மலையாளத்தில் ஆர்க்கிட்டுக்கு ‘மரவாழ’ என்பார்கள். எங்கள் பக்கத்தில் ‘மரவாழை’ என்றால் புரிந்துகொள்வார்கள். அதையே எடுக்கலாமே?

பாளையங்கோட்டையிலிருந்து

மரவாழை மரத்தில் தொற்றி வளர்வதற்குப் பொருந்தும். ட்ரூரி மரத்தில் ஏறுவதில்லை. உயரத்தில் புல்லும் பாறையுமாக இருக்கும் திறந்த சரிவில், தரையோடு தரையாக வேர்த்தண்டு விட்டு ஊர்கிறது. மரவாழை என்று அச்சடித்தால் காவலர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே காலடியில் இருப்பதை மிதித்துவிடுவார்கள். பெயர் ஆர்க்கிட்டாகவே இருக்கட்டும். எனக்கு இரண்டு அளவைக்குச் சொல் வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம். எங்கட பக்கம் ஓர்க்கிட் என்று எழுதுவம்; அது கிடக்கட்டும். எனக்கு உறுத்துவது ‘உறைபரப்பு’. வினைத்தொகை அல்லவா? உறைந்த பரப்பு, உறைகின்ற பரப்பு, உறையும் பரப்பு என்று முக்காலமும் அதுக்குள்ளே. கவிதைக்கு அது சிறப்பு. ஆனால் இந்த அளவையில் சேர்க்க வேண்டியது இன்றைக்குச் செடி நிற்கிற கட்டம் மட்டும். இருபது வருசத்துக்கு முன்னம் பூத்து, பிறகு ஆள் வந்து பிடுங்கிப்போன கட்டம் கணக்கில் வரக்கூடாது. காலம் காட்டாத சொல்லைக் கொடுத்தால், காவலர் பழைய இடத்தையும் கூட்டித்தான் எழுதுவார். தொகை அருகிக்கொண்டு வருகிற இனத்துக்கு அது தாளில் கூடின மாதிரித் தெரியும்.

சிதம்பரத்திலிருந்து

அம்மையீர், வினைத்தொகை முக்காலத்துக்கும் பொதுவாவது உண்மையே. ஆனால் இடம் நோக்கி ஒரு காலத்தைக் கொள்ளும். ‘ஊறுகாய்’ என்றால் யாரும் இனி ஊறப்போகும் காயை எண்ணுவதில்லை. தங்கள் தயக்கம் நீங்க வேண்டுமானால் பெயரெச்சமாக விரித்து ‘உறையும் பரப்பு’ என்க.

கோயம்புத்தூரிலிருந்து

வரைபட மென்பொருளில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ‘உறை’ என்றதும் என் மாணவர்களுக்குத் தலையணை உறையும் ஐஸ் உறைவதும்தான் தோன்றும். மலையுச்சிக் கையேட்டில் பனி உறையும் பரப்பு என்றே படிப்பார்கள்.

என் யோசனை: செய்வதைப் பெயராக வையுங்கள். கட்டம் எண்ணுகிறோமா, ‘கட்டப்பரப்பு’. வெளிப்புள்ளிகளைச் சூழக் கோடு போடுகிறோமா, ‘சூழ்பரப்பு’. பெயரைப் படித்தாலே வேலை தெரியும்.

சிங்கப்பூரிலிருந்து

கட்டம் வேண்டாம், ‘காணி’ என்னலாமே! நம் நில அளவைச் சொல் புத்துயிர் பெறும். அங்கே வாழும் மக்களின் பெயரும் அதுவே என்பதில் ஒரு நயமும் உண்டு.

பாளையங்கோட்டையிலிருந்து

ஐயா, நயம்தான் தொல்லை. ‘செடி உள்ள காணியை எண்ணுக’ என்று எழுதினால் காணி மக்களை எண்ணச் சொல்வதாகி, ஊரில் சண்டை வரும். மேலும் பழைய காணி ஒன்றேகால் ஏக்கர் சொச்சம். இந்தக் கட்டம் ஒவ்வொன்றும் 4 சதுர கி.மீ., ஏறத்தாழ 988 ஏக்கர்.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்களுக்குக் காணி என்றால் உறுதியோடு, அதாவது பத்திரத்தோடு, இருக்கிற நிலம். வழக்குக்குத்தான் போகும்.

‘சூழ்பரப்பு’ம் வினைத்தொகைதான் என்பதைக் கோயம்புத்தூர்த் தம்பி கவனிக்க வேணும்.

கோயம்புத்தூரிலிருந்து

கவனித்தேன், அக்கா. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். ட்ரூரி மாதிரிக் குறுகிய இடத்தில் இருக்கும் செடிக்கு, ஒரே சரிவில் நூறு மீட்டர் இடைவெளியில் மூன்று புள்ளி விழுந்ததாக வைத்துக்கொள்வோம். சுற்றிக் கோடு போட்டால் ஒரு ஹெக்டேர்கூட வராது. ஆனால் மூன்றும் ஒரே கட்டத்தில் விழுந்தாலே கட்டப்பரப்பு 4 சதுர கி.மீ. உள்ளே இருப்பது பெரிது, சூழ்வது சிறிது! அப்படி வந்தால் முதல் அளவையையும் இரண்டாவதற்குச் சமமாக உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. கையேட்டில் இதற்கு ஓர் அடிக்குறிப்பு போடாமல் விட்டால், கணக்குத் தப்பு என்று யாராவது தொலைபேசியில் கூப்பிடுவார்கள்.

இன்னொன்று: நெறிமுறையில் ‘லொக்கேஷன்’ என்பதை ‘இடம்’ என்று மொழிபெயர்த்திருந்தால் தயவுசெய்து மாற்றுங்கள். ஒரே காட்டுத்தீ மொத்தப் புல்வெளியையும் எரித்துவிடும் என்றால், அங்கே நாலு திட்டாகச் செடி நின்றாலும் கணக்கில் ஒன்றுதான். அது ஊர்ப்பெயர் சார்ந்த இடம் அல்ல. ஆபத்தை வைத்துப் பிரிப்பது.

நாகர்கோவிலிலிருந்து

‘ஆபத்துவட்டம்’?

சிதம்பரத்திலிருந்து

‘ஆபத்து’ வடசொல். ‘இடர்’ என்க. ‘இடர்க்களம்’.

தஞ்சாவூரிலிருந்து

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். விவசாயி. பரப்பை எப்படி வேண்டுமானாலும் அழையுங்கள். செடியை எப்படி எண்ணப்போகிறீர்கள்? வேர்த்தண்டு ஊர்ந்து பக்கத்தில் முளை விடும் செடி என்றால், எங்கள் வயலில் அதைத் ‘தூர்’ என்போம். ஒரு நெல் நாற்று பத்துத் தூர் கட்டும். கையேட்டில் ‘செடிகளின் எண்ணிக்கை’ என்று போட்டிருந்தால், ஒருவர் கொத்தை ஒன்றாக எண்ணுவார், இன்னொருவர் தூரை எண்ணிப் பத்து என்பார். அடுத்த வருடம் ஆள் மாறினால் செடி பெருகியதாகவோ அழிந்ததாகவோ ஆகிவிடும்.

பாளையங்கோட்டையிலிருந்து

தஞ்சாவூர் ஐயாவுக்கு மிகவும் நன்றி. தனியாக நின்று பிழைக்கக்கூடிய தூர் ஒவ்வொன்றையும் ஒரு செடியாகக் கொள்வதுதான் செம்பட்டியல் முறையும். ‘கொத்து’, ‘தூர்’ என்று படிவத்தில் இரண்டு பத்தி போட்டுவிட்டேன்.

ஒருவர் தனி மடலில், வரைபடத்தைச் சரிபார்க்க வேண்டும், புள்ளிகளின் அட்சரேகை தீர்க்கரேகையை அனுப்புங்கள் என்று கேட்டார். மன்னிக்க வேண்டும், அனுப்ப மாட்டேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பெயர் சொல்லிக் காக்கப்படும் மிகச் சில தாவரங்களில் பாபியோபெடிலம் ஒன்று. பன்னாட்டு வணிகத் தடைப்பட்டியலின் முதல் பிரிவிலும் இருக்கிறது. அப்படியும் திருட்டு ஓயவில்லை. கையேட்டிலும் புள்ளி இராது. கட்டம் மட்டும்தான் இருக்கும், அதுவும் எண் இல்லாமல். ‘கட்டப்பரப்பு’ என்ற சொல் எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். ‘சூழ்பரப்பு’, ‘கட்டப்பரப்பு’ என்றே போகிறேன். அடிக்குறிப்பில் ‘இன்று செடி நிற்பதை நேரில் கண்ட, அல்லது நிற்பதாக உறுதியாகக் கருதத்தக்க இடங்கள் மட்டும்’ என்று சேர்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்து அக்கா பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். ‘இடர்க்களம்’ எடுத்துக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து

அடிக்குறிப்பை ஆர் வாசிக்கிறது? சரி, போடுங்கோ. எங்கட வெசாக் ஓர்க்கிட்டுக்கும் இப்படி ஒரு படிவம் செய்ய ஆசை. அது மே மாதத்தில், வெசாக் என்ற புத்தர் பண்டிகையை ஒட்டிப் பூக்கிறது, இலங்கைக்கே உரியது. ஆனால் அது மரத்தில்தான் இருக்கும். நாகர்கோவில் ஐயாவின் மரவாழையை அப்ப எடுத்துக்கொள்ளுறன்.

சிதம்பரத்திலிருந்து

பெரும்பான்மைக்கு இணங்குகிறேன், உடன்படவில்லை. ‘கட்டம்’ எண்ணுபவனின் தாளில் இருக்கிறது, செடியிடம் இல்லை. நாளை கட்டத்தின் அளவை மாற்றினால் பெயரும் பொருளிழக்கும். ‘உறையும் பரப்பு’ எந்த அளவிலும் நிற்கும். என் மறுப்பைப் பதிவு செய்க. ‘சூழ்பரப்பு’ வினைத்தொகையாதலால் வல்லொற்று மிகாது. அச்சகத்தார் ‘சூழ்ப்பரப்பு’ என்று போட்டுவிடாமல் மெய்ப்புப் பார்த்துக்கொள்ளுங்கள். பரவை பற்றிய மடல் நாளை வரும்.