ஆண்டுக்கு நான்கைந்து ஆட்டங்கள் மட்டும் பார்க்கும் ரசிகருக்கு மேடன் என்எஃப்எல் 26 வீடியோ கேம் பிடிபடுமா?

ஓரத்து ரசிகன் கேட்கிறார்:

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தை நான் ஊன்றிப் பின்தொடர்பவன் அல்லன். ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடும் 17 ஆட்டங்களையும் பார்க்கிற பொறுமை எனக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை. ஜனவரியில் பிளேஆஃப் தொடங்கியதும் மூன்று நான்கு ஆட்டங்கள் பார்ப்பேன், பிறகு இறுதிப்போட்டியான சூப்பர் பவுல், அத்தோடு அடுத்த ஆண்டுவரை மறந்துவிடுவேன். நான்கு டவுனுக்குள், அதாவது நான்கு முயற்சிக்குள், 10 யார்டு கடக்க வேண்டும், பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகும் டச்டவுனுக்கு 6 புள்ளி, கம்பங்களுக்கிடையே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 3 புள்ளி என்ற அளவுக்கு விதிகள் தெரியும். ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்கும் ஆஃப்சைடுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் சற்று யோசித்துத்தான் சொல்வேன்.

இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டுதான் மேடன் என்எஃப்எல் 26 வாங்கினேன். கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியை எடுத்தால் பாதி வேலையை அதன் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) பேட்ரிக் மஹோம்ஸே பார்த்துக்கொள்வார் என்று நம்பி, ஆல்-புரோ என்ற கடின நிலையில் இறங்கினேன். 38-3. அந்த 3 புள்ளி என்னுடையது. மஹோம்ஸை வைத்துக்கொண்டு ஒரே ஆட்டத்தில் ஆறு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது) கொடுத்த பெருமையும் என்னுடையதே.

பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் ஒருவர் தனியாக ஓடுவது கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது. அவருக்குரிய பட்டனை அழுத்துகிறேன். பந்து பாதி வழி போனதும் எங்கிருந்தோ ஓர் எதிரணி வீரர் முளைத்துப் பறித்துவிடுகிறார். தற்காப்பில் நிலைமை இன்னும் மோசம். பதினொருவரில் யாரை இயக்குவது என்று தெரியாமல் பந்தை நோக்கி ஓடுகிறேன், நான் விட்டுவந்த இடத்தின் வழியாகவே டச்டவுன் போகிறது. ஒவ்வொரு முறையும் ஆட வேண்டிய திட்டத்தை, அதாவது பிளேயைத் தேர்ந்தெடுக்கும் பக்கமோ புரட்டப் புரட்ட முடிவதில்லை. அதற்குள் கடிகாரம் தீர்ந்து, தாமதத்துக்காக 5 யார்டு பின்னே தள்ளிவிடுகிறார்கள்.

பிளேபுக்கை மனப்பாடம் செய்யாமல், முகம் தெரியாதவர்களோடு போட்டியிடாமல், வார இறுதியில் ஓர் ஆட்டம் ஆடி மகிழ வழி உண்டா? அல்லது இது முழுநேர ரசிகர்களுக்கென்றே செய்யப்பட்டதா?

நான்காம் டவுன் எழுதுகிறார்:

உங்கள் விரல்களைக் குறை சொல்லாதீர்கள். தொலைக்காட்சி பழக்கிவிட்ட கண்ணைத்தான் நான் சந்தேகிக்கிறேன். ஒளிபரப்பில் ஆட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து காட்டுகிறார்கள். பந்தும், அதன் இருபுறமும் மோதிக்கொள்ளும் இரு வரிசைகளும், குவார்ட்டர்பேக்கும் திரையை நிறைத்துவிட, 12 அல்லது 15 யார்டு தள்ளிக் கடைசிக் காவலாக நிற்கும் இரண்டு சேஃப்டிகளும் பெரும்பாலும் திரைக்கு வெளியே போய்விடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் இப்படியே பார்த்தவருக்கு அப்படி இருவர் இருப்பதே மனத்தில் பதிந்திருக்காது. எங்கிருந்தோ முளைத்தார் என்று நீங்கள் சொல்லும் வீரர் முளைக்கவில்லை, முதலிலிருந்தே அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். மேடனில் கேமரா குவார்ட்டர்பேக்கின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், தொலைக்காட்சி மறைத்த அந்த இருவரும் திரையின் மேற்பகுதியில் தெளிவாகத் தெரிவார்கள்.

ஆகவே, ஸ்னாப்புக்கு முன், அதாவது பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்கு வருமுன், ரிசீவர்களை விட்டுவிட்டு அந்த இருவரை மட்டும் பாருங்கள். இருவரும் ஆழத்தில், அகலப் பிரிந்து நின்றால், தொலைதூரப் பாஸுக்கு அவர்கள் தயாராக இருக்கிறார்கள் என்று பொருள். கணக்கும் எளிது. பதினொருவரில் அந்த இருவரையும், ஓரங்களில் நிற்கும் கார்னர்பேக் இருவரையும் கழித்தால், ஓட்டத்தைத் தடுக்க நடுவில் ஏழு பேரே மிச்சம். அப்போது பந்தைக் கையில் வாங்கி ஓடும் ரன்னிங் பேக்கிடம் கொடுத்துவிடுவது நல்லது. ஒருவர் மட்டும் நடுவில் ஆழமாக நின்று, மற்றவர் முன்னே இறங்கியிருந்தால், நடுவில் எட்டாவது ஆள் சேர்ந்துவிட்டார், ஓரங்களில் உதவிக்கு ஆள் குறைவு, அங்கே எறியலாம். ஆல்-புரோ நிலையில் கணினி சில நேரம் ஸ்னாப்புக்குப் பிறகு ஆட்களை மாற்றி நிறுத்தி ஏமாற்றும் என்பதால், பந்து கைக்கு வந்த முதல் ஒரு நொடியும் கண்ணை அவர்கள்மேலேயே வைத்திருங்கள்.

எதிரணி ஒவ்வொரு ரிசீவரையும் ஓர் ஆளாகத் தொடர்கிறதா (ஆள்மீது ஆள்), ஒவ்வொருவரும் ஓர் இடத்தைக் காக்கிறார்களா (இடக் காவல்) என்று அறிய இன்னொரு தந்திரமும் உண்டு. ஸ்னாப்புக்கு முன் ஒரு ரிசீவரை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடக்கவிடுங்கள். எதிரணி வீரர் ஒருவர் அவர் பின்னாலேயே போனால் பெரும்பாலும் ஆள்மீது ஆள்; யாரும் நகராமல் சற்றே இடம் சரிசெய்துகொண்டால் இடக் காவல்.

பட்டனை எப்படி அழுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். தட்டிவிட்டால் பந்து வளைந்து உயர்ந்து மெதுவாகப் போகும். அழுத்திப் பிடித்தால் தாழ்வாக, விரைவாகப் பாயும். புதியவர்கள் எல்லாவற்றையும் தட்டிவிடுவார்கள். மைதானத்தின் நடுவே, ஆட்கள் நெருங்கி நிற்கும் இடத்தில், அந்த வளைந்த பந்து காற்றில் தொங்கும்போது நாலு பேர் அதன் கீழ் வந்து நின்றுவிடுவார்கள். உங்கள் ஆறில் நாலைந்தாவது இப்படிப் போயிருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அழுத்தம் வந்ததும் குவார்ட்டர்பேக்கைப் பின்னோக்கி ஓடவிடுகிறீர்களா? உங்கள் வரிசையின் இரு ஓரங்களிலும் நிற்கும் டேக்கிள்கள், குவார்ட்டர்பேக் ஏழெட்டு யார்டுக்குள் நிற்பார் என்ற கணக்கில் எதிரிகளை வளைத்து வெளியே தள்ளுகிறார்கள். நீங்கள் பதினைந்து யார்டு பின்வாங்கினால், அவர்கள் தள்ளிவிட்ட ஆள் நேராக உங்கள் மடியில் வந்து விழுவார். இரண்டடி முன்னே வாருங்கள். அதே ஆள் உங்களைத் தாண்டிப் பின்னால் போய்விடுவார். யாரும் கிடைக்காவிட்டால் வலது குச்சியை அழுத்திப் பந்தை வெளியே எறிந்துவிடுங்கள். இரண்டாம் டவுனில் 10 யார்டு மீதம் என்பது ஒன்றும் பேரிழப்பில்லை.

தேய்ந்த கன்ட்ரோலர் எழுதுகிறார்:

மேலே சொன்னவை அனைத்தும் சரி, ஆனால் ஆல்-புரோவில் ஆடிக்கொண்டே அவற்றைக் கற்பது கடினம். ரூக்கி, புரோ, ஆல்-புரோ, ஆல்-மேடன் என நான்கு நிலைகள் உள்ளன. புரோவுக்கு இறங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குவார்ட்டரை உண்மையான 15 நிமிடத்தில் வைக்காமல் ஆறேழு நிமிடமாகக் குறையுங்கள். பிளே தேர்வில் பயிற்சியாளர் பரிந்துரை என்ற பகுதி இருக்கிறது. அது காட்டும் சில பிளேக்களுக்குள் தேர்ந்தெடுத்தால் கடிகாரம் உங்களைத் துரத்தாது. அதற்கு மாறாக நான் செய்தது வேறு: இரண்டு ஓட்டம், மூன்று பாஸ், மொத்தம் ஐந்து பிளேக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பயிற்சிப் பகுதியில் ஒவ்வொன்றையும் இருபது முப்பது தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒரு பருவம் முழுக்க அந்த ஐந்தே போதுமானதாக இருந்தது.

ஓட்டத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுண்டு. பந்து கைமாறிய கணமே வேகப் பட்டனை அழுத்திவிடுவார்கள்; ரன்னிங் பேக் தன் அணி வீரரின் முதுகிலேயே முட்டிக்கொண்டு விழுவார். விரலை எடுத்துவிட்டு, முன்னே போகும் தடுப்பாளரின் பின்னாலேயே நடந்துபோய், அவர் ஒருவரை மோதித் திருப்பும்போது எந்தப் பக்கம் வழி திறக்கிறது என்று பார்த்து, அதற்குப் பிறகு வேகத்தை அழுத்துங்கள். அரை நொடிப் பொறுமைதான். 2 யார்டு கிடைத்த இடத்தில் 7 கிடைக்கும்.

தற்காப்பில், முன்வரிசையில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டு ஒருவரை எடுத்துக்கொண்டு, ஸ்னாப்புக்குப் பிறகு ஆளை மாற்றாமல் அவரோடே இருங்கள். அவர் தவறு செய்தாலும் அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். பாய்ந்து விழுந்து பிடிக்கும் பட்டனை மறந்துவிடுங்கள். தவறினால் எழுந்து நிற்பதற்குள் ஆட்டம் போய்விடும்.

சற்று விலகிப் போகிறேன், பொறுத்தருள்க. இந்த ஆட்டம் இவ்வளவு நெரிசலாக இருப்பதற்கு ஒருவிதத்தில் ஜான் மேடனே காரணம். ரைடர்ஸ் அணியின் பயிற்சியாளராக இருந்து 1977 ஜனவரியில் சூப்பர் பவுல் வென்றவர் அவர். அந்நாளையக் கணினிகளின் திறனுக்கேற்ப அணிக்கு ஆறேழு பேர் போதும் என்று தயாரிப்பாளர்கள் எண்ணியபோது, பதினொருவர் இல்லாவிட்டால் தம் பெயரைத் தர முடியாது என்று அவர் நின்றுவிட்டார். அதனால் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்து, முதல் ஆட்டம் ஆப்பிள் 2 கணினிக்கு 1988-இல்தான் வந்தது. நீங்கள் எண்ணிப் பார்க்கத் தவறிய அந்த இரண்டு சேஃப்டிகளும் அவருடைய பிடிவாதத்தின் மிச்சம்.

இரு கால்களும் உள்ளே எழுதுகிறார்:

முன்னவர்கள் இருவரோடும் எனக்கு ஓரளவே உடன்பாடு. ஆண்டுக்கு நான்கைந்து ஆட்டம் பார்ப்பவர் எதற்காக இதை வாங்கியிருப்பார்? மஹோம்ஸ் வலப்பக்கம் ஓடிக்கொண்டே 50 யார்டு எறிவதைத் தானும் செய்து பார்க்கத்தான். அவரிடம் போய், ஓட்டத்தை ஆடு, பந்தை வெளியே எறி, முன்வரிசையில் நில் என்றால், பள்ளிக்கு மீண்டும் போனதுபோல் இருக்கும். முதல் வாரம் ரூக்கி நிலையில் மனம்போல எறிந்து மகிழுங்கள். கை பழகிய பிறகு புரோவுக்குப் போய் சேஃப்டிகளை எண்ணத் தொடங்கலாம்.

எந்த வகை ஆட்டத்தைத் திறப்பது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். உங்கள் விருப்பத்துக்குப் பொருந்துவது தனி ஆட்டமும், ஓர் அணியைப் பருவக்கணக்கில் நடத்தும் ஃபிரான்சைஸ் பகுதியும்தான். அல்டிமேட் டீம் என்பது வீரர் அட்டைகளைச் சேர்த்து அணி அமைப்பது. அட்டைப் பொதிகளைக் காசு கொடுத்தும் வாங்கலாம் என்பதாலும், நாள்தோறும் வந்துபோகிறவர்களுக்கென்றே அமைந்தது என்பதாலும், வார இறுதியில் மட்டும் ஆடுபவருக்கு அங்கே வேலை இல்லை.

கல்லூரி அணிகளைக் கொண்ட வீடியோ கேமையும் எடைபோட்டுப் பாருங்கள் என்பேன். வீரர்களின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்துவதற்கு அவர்களுக்குப் பணம் தர வேண்டும் என்ற வழக்குகளால் 2013-க்குப் பிறகு நின்றுபோன அந்தத் தொடர், 2024 ஜூலையில் காலேஜ் ஃபுட்பால் 25 என்று மீண்டு வந்தது. அதில் இடம்பெற ஒப்புக்கொண்ட ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் ஆட்டத்தின் ஒரு படியும் தந்தார்கள். குவார்ட்டர்பேக் தானே பந்தோடு ஓடும் பிளேக்கள் அதில் ஏராளம். தற்காப்பில் இருக்கும் ஓட்டைகளும் பெரியவை. பிடிக்கும்போது ஒரு கால் எல்லைக்குள் பட்டாலே போதும். தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் இரண்டும் பட வேண்டும். விதிகளில் அரைகுறையாக இருப்பவருக்கு மேடனைவிட அது தாராளமானது என்பது என் அனுபவம்.

ஓரத்து ரசிகன் எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. புரோ நிலையில், ஏழு நிமிடக் குவார்ட்டரில், இந்த வாரம் மூன்று ஆட்டங்கள் ஆடினேன். முதலிரண்டும் தோல்விதான், ஆனால் 24-17, 20-14 என்ற அளவில். மூன்றாவதில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்றாம் டவுன், 6 யார்டு மீதம். மேலே பார்த்தேன், சேஃப்டி ஒருவர் மட்டும் நடுவில் நின்றார். ரிசீவரை ஓரத்திலிருந்து நடக்கவிட்டேன். கார்னர்பேக் அவரோடு கூடவே வந்தார். ஆள்மீது ஆள் என்று தெரிந்த அந்தக் கணத்தில் கை சற்று நடுங்கியது. ஸ்னாப் ஆனதும் வழக்கம்போல் பின்வாங்கப் போனவன், நினைவு வந்து முன்னே இரண்டடி வைத்தேன். என்னை வீழ்த்த வந்தவர் முதுகுப்பக்கமாகக் கடந்துபோனார். பட்டனை அழுத்திப் பிடித்தேன். 19 யார்டு. டச்டவுன்கூட இல்லை, ஆனால் இருக்கையிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

அந்த ஆட்டத்தில் 17-17 என்று இருந்தபோது ஒரு குழப்பம் வந்தது. நான்காம் டவுன், 2 யார்டு மீதம், பந்து எதிரணியின் 38-ஆம் யார்டு கோட்டில், கடைசிக் குவார்ட்டரில் நான்கு நிமிடம் மிச்சம். 38 யார்டுதானே என்று ஃபீல்டு கோலுக்கு உதைத்தேன், பந்து குறுக்குக் கம்பிக்கு முன்னாலேயே விழுந்துவிட்டது. பந்தை எதிரணிக்குத் தொலைவாக உதைத்துக் கொடுத்துவிடும் பன்ட் செய்திருக்க வேண்டுமா?

நான்காம் டவுன் எழுதுகிறார்:

நீங்கள் உதைத்தது 38 யார்டு அன்று, 55. கம்பம், டச்டவுன் பகுதியான எண்டு ஸோனின் பின்கோட்டில் இருப்பதால் 10 யார்டையும், பந்தை வாங்கி நிறுத்துபவர் பின்னால் இருப்பதால் ஏழையும் எப்போதும் கூட்டிக்கொள்ள வேண்டும். 30-ஆம் கோட்டுக்கு வெளியே இருந்தால், உங்கள் கிக்கரின் உதை வலிமையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பன்ட்டும் அங்கே வீண். பந்து எண்டு ஸோனுக்குள் போய்விட்டால் எதிரணி 20-ஆம் கோட்டிலிருந்து தொடங்கும். நீங்கள் சம்பாதித்தது வெறும் 18 யார்டு. இரண்டு யார்டுக்காக அந்த இடத்தில் துணிந்து ஆடியிருக்கலாம். சேஃப்டி இருவரும் ஆழத்தில் நின்றிருந்தால் நடுவே ஓட்டம். ஒருவர் முன்னே இறங்கியிருந்தால், நீங்கள் 19 யார்டு எடுத்த அதே பிளே.