‘தீபன்’ படத்தைச் சனசமூக நிலையத்தில் போடலாமா?

எங்கள் சனசமூக நிலையத்தில் மாதக் கடைசி ஞாயிறு ஒரு படம் போடுகிறோம். தெரிவு செய்கிற வேலை என் தலையில். இந்த முறை ‘தீபன்’ என்று நினைத்தேன். ஜாக் ஓதியார் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்தது, 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது, பெரும்பகுதி தமிழ். நடித்திருப்பவர் எங்கள் அல்லைப்பிட்டி ஷோபாசக்தி.

முதலில் வீட்டில் லாப்டொப்பில் போட்டுப் பார்த்தேன். வன்னியில் போரின் கடைசி வரை நின்ற மாமாவும் வந்து இருந்தார். தொடக்கத்திலேயே பிணங்கள் எரிகின்றன, மாமா அசையவில்லை. செத்தவர்களின் பாஸ்போட்டில், முன்னாள் புலிப் போராளி தீபனும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் சிறுமியுமாக மூன்று பேர் குடும்பமாகிப் போகிற இடத்தில், “உப்பிடி எத்தினை பேர் போனவை” என்று சிரிக்கவும் செய்தார்.

பிறகு அவர்கள் போய்ச் சேருகிற பாரிஸ் புறநகர்க் குடியிருப்பில் போதைக் கும்பல் சுடத் தொடங்க, தீபன் கட்டடங்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு போட்டு, இது சூடு விழாத வலயம் என்கிறார். மாமா எழும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கிணற்றடியில் கப்பி கிறீச்சிட்டது. போய்ப் பார்த்தால், வாளியை அள்ளி வாழைக்குள் ஊற்றிவிட்டு மறுபடி இறக்குகிறார். ஆறேழு வாளி இருக்கும். 2009 ஜனவரியில் பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கம் அறிவித்த சுதந்திரபுரத்தில்தான் அவர் இருந்தார். செல் அதற்குள்தான் விழுந்தது.

படம் பார்த்த எல்லோரும் சரி, பிழை என்று வாதாடுகிற அந்தக் கடைசிக் கட்டத்தை, தீபன் புகைக்குள் படியேறி வெட்டுகிறதை, நான் தனியே பார்த்தேன். எனக்கு அது வழக்கமான கதாநாயகன் வேலையாகத்தான் பட்டது. போடலாமா, விடுவோமா?

லாச்சப்பல் அண்ணை
தங்கச்சி, பாரிஸ் புறநகரில் படத்தில் தீபன் பார்க்கிற அதே கார்டியன் வேலை, கட்டடத்தைப் பராமரிக்கிற வேலை, பதினொரு வருசம் பார்த்தவன் நான். குப்பைத்தொட்டி இழுக்கிறது, படிக்கட்டு கழுவுகிறது எல்லாம் அச்சொட்டு. ஆனால் புறநகர் முழுக்க யுத்தக்களம் மாதிரிக் காட்டினது பிழை, இங்கேயும் பலர் அதைத்தான் குறை சொன்னவை. கடைசியில் இங்கிலாந்தில் வீடு, தோட்டம், கைக்குழந்தை! அவ்வளவு பேரை வெட்டினவனுக்கு எந்தக் கவுன்டரில் விசா குத்தினவங்கள்?

நாவற்குழி அக்கா
கடைசிக் கட்டம் வெறும் கதாநாயகன் வேலை என்று யார் சொன்னது? பழைய தளபதி ஆயுதத்துக்குக் காசு சேர்க்கச் சொல்லும்போது மாட்டேன் என்று அடி வாங்கின ஆள்தானே தீபன். மனைவி என்று கூட வந்த யாழினி மாட்டுப்பட்டதும் உடம்பு தானாகப் பழசுக்குப் போகிறது. உளவளத்துணை வேலையில் நாங்கள் மனவடு என்று கதைக்கிறது இதைத்தான். மாமாவின் வாளியையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

படத்தைப் போடுங்கோ, ஆனால் சும்மா போடாதேங்கோ. கோடு வரும் என்று முதலே சொல்லுங்கோ. லைட் எல்லாவற்றையும் நிப்பாட்ட வேண்டாம், கதவு திறந்தே கிடக்கட்டும். அதுசரி, எங்களிடம் கேட்க முதல் மாமாவிடம் கேட்டனீங்களோ?

கேட்டவள்
இல்லை அக்கா, இன்று பின்னேரம்தான் கேட்டேன். பிளேன்ரீயைக் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “போடு. நான் வாசல் பக்கக் கதிரையிலை இருக்கிறன்” என்றார்.

கொக்குவில் பக்கம் யாரிடமாவது புரொஜெக்டர் இருக்கிறதா? எங்களுடையதில் பல்ப் போய்விட்டது.